கமிட்டிக்கு முன்னால் வந்த சீர்

டெல்லியிலிருந்து கமிட்டி வருகிறது என்று தந்தி வந்தால் போதும், கருமத்தம்பட்டியில் தம்பிதுரையின் பொறியியல் கல்லூரிக்குக் கல்யாணக் களை வந்துவிடும். சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். பூந்தொட்டிகள் லாரியில் வந்து இறங்கும். அதுவரை யாரும் பார்த்திராத பேராசிரியர்கள் கோட்டும் டையுமாக வந்து நாற்காலிகளில் உட்காருவார்கள். கமிட்டியின் கார் அவிநாசி ரோட்டில் மறைந்ததும் டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். நூலகத்துப் புத்தகங்களும் அப்படித்தான். விருந்துக்கு வந்ததுபோல் வந்து, அலமாரியில் கொஞ்சம் இளைப்பாறிவிட்டுச் சொந்த ஊர் திரும்பும்.

இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் ஆள் உக்கடத்து சிக்கந்தர் பாய். கல்யாணத்துக்குப் பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிறவர். தொண்ணூறுகளில் கோயமுத்தூரைச் சுற்றிக் கல்லூரிகள் காளான் மாதிரி முளைத்தபோது அவருடைய தொழிலும் தானாக விரிந்தது. "கல்யாணத்துல பொண்ணும் மாப்பிள்ளையுமாவது நெசமுங்க. இங்க அதுவும் வாடகைதான்" என்று தாளாளர் தம்பிதுரையிடமே சொல்லிச் சிரிப்பார். தம்பிதுரையும் சேர்ந்து சிரிப்பார். அவர் வெட்கப்படுகிற ஜாதி இல்லை.

சிரிக்க முடியாமல் இருந்தவள் மோகனப்பிரியா. ஜவுளி வேதியியல் விரிவுரையாளர். சாயப்பட்டறைக் கழிவுநீரிலிருந்து சாயத்தைப் பிரித்தெடுக்க முடியுமா என்று நாலைந்து வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முனைவர் பட்டப் பதிவு இருந்தது, ஆய்வுக்கூடம் இல்லை. தண்ணீரில் எவ்வளவு சாயம் இருக்கிறது என்று அளக்க ஒரு கலர் மிஷின் வேண்டும். அதற்காகப் பையில் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் நகரத்துக் கல்லூரி ஒன்றுக்குப் போவாள். அங்கே இருப்பவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் மட்டும் மிஷினைத் தொட விடுவார்கள். அந்தத் தண்ணீராவது ஒழுங்காகக் கிடைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. கையில் பாட்டிலோடு ஒரு பெண் வருகிறாள் என்று தெரிந்தாலே பட்டறை வாட்ச்மேன்கள் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஆற்றோரம் போய்ப் பத்துப் பட்டறைச் சாயமும் கலந்த தண்ணீரை அள்ளி வந்தாள். அதில் யார் பாவம் எது என்று பிரிக்க முடியாது.

பல்கலைக்கழகத்துக்கும் பொறுமை போய்விட்டது. அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடம் இல்லையென்றால் வருகிற ஜூனோடு பதிவு ரத்து என்று எழுதிவிட்டார்கள். அங்கீகாரம் டெல்லிக்காரர்கள் கையில் இருந்தது. மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்துக்கு ஒரு விசித்திரமான நியாயம் உண்டு. ஆய்வுக்கூடம் இல்லாத கல்லூரிக்கு ஆய்வுக்கூடம் கட்டப் பணம் தராது. ஏற்கெனவே இருந்தால் அதை வளர்க்கத் தரும். குளித்துவிட்டு வந்தவனுக்குத்தான் தண்ணீர் என்பது மாதிரி. குளிக்காதவன் என்ன செய்வான்? பக்கத்து வீட்டுக் கிணற்றில் திருட்டுத்தனமாகக் குளிப்பான். தம்பிதுரை அதைத்தான் செய்தார்.

"நம்ம மச்சான் வேலுமணி டையிங்ல கலர் மிஷின் இருக்குதுங்க அம்மணி" என்றார் அவளைக் கூப்பிட்டு. வேலுமணி அவருடைய மனைவி ராசாத்தாளின் அண்ணன், அவிநாசிப் பக்கம் பெரிய சாயப்பட்டறைக்காரர். "வெளிநாட்டு மிஷின். ஏசி ரூம்ல பொண்ணாட்டம் வெச்சிருக்கறாரு. ஒரு நாளைக்குக் கேட்டிருக்கறேன். காத்தால வரும், கமிட்டி பாக்கும், பொழுது சாயப் போயிரும்."

"கமிட்டி போன பொறகு நான் எதுலீங்க சார் ஆராய்ச்சி பண்றது?"

"பணம் வருமில்லீங்க. வந்ததும் வாங்கிக்கலாம்."

பணம் வந்தால் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். போன தடவை நூலகத்துக்கு வந்த பணம் கல்லூரி வாசலில் சிமெண்ட் வளைவாக நின்றுகொண்டிருந்தது. வளைவில் தம்பிதுரையின் அப்பா பெயர் வேறு. மோகனப்பிரியாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அறையை விட்டு வெளியே வந்தவள் வகுப்புக்குப் போகாமல் நேராகக் கல்லூரிக்குப் பின்னால் இருந்த தாளாளர் வீட்டுக்குப் போனாள். கமிட்டி வரும் நாளில் ராசாத்தாளைக் குத்துவிளக்கேற்ற அழைக்கும் பொறுப்பு எப்படியும் அவளுடையதுதான்.

ராசாத்தாள் அம்மாள் சந்தகை நாழியில் மாவை இடியாப்பம்போல் பிழிந்துகொண்டிருந்தாள். அண்ணன் மிஷின் கொண்டுவருகிறார் என்றதும் நாழியை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"எங்கண்ணனா? இந்த ஊட்டுக்கா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. இந்த வீடு புதுமனை புகுந்தபோது ஒறம்பரைச் சொந்தபந்தம் அத்தனை பேரும் பார்க்க, பொறந்த ஊட்டுச் சீர் என்று அண்ணன் கொண்டுவந்தது அதை மட்டுந்தான். மற்ற சம்பந்திகள் வீட்டில் சீர் லாரியில் வந்து இறங்கியது. ராசாத்தாள் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வாங்கினாள். அதை மறக்கவும் இல்லை, மாட்டவும் இல்லை.

"ஒரு நாளைக்குத்தானாமுங்க அக்கா" என்றாள் மோகனப்பிரியா. மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. "பொழுது சாயத் திரும்பிப் போயிருமாமுங்க."

ராசாத்தாளின் முகம் சிவந்தது. "என்ற வாசல்ல ஊரு பாக்க எறக்கிப்போட்டு, அன்னைக்கே தூக்கிட்டுப் போவாராக்கும்? எரவலுக்கா பொறந்த ஊடு?" நாழியை எடுத்து மறுபடி பிழிந்தாள். மாவு தீர்ந்ததும் கையைக் கழுவிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "கண்ணு, பொறந்த ஊட்டுல இருந்து வர்ற பண்டம் மொட்டையா வரக்கூடாது. மேளம் வேணும். தட்டு வேணும். நான் ஆரத்தி எடுக்கோணும். அது உனக்குத் தோதுப்படுமா?"

மோகனப்பிரியாவுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் அவள் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்லூரியில் ஆராய்ச்சி மூளை எங்கே இருக்கிறது என்று கமிட்டி தேடினால் இந்தச் சமையலறைக்குத்தான் வந்திருக்க வேண்டும்.

அன்று சாயந்திரம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து சிக்கந்தர் பாய்க்குப் போன் போட்டாள். மிஷினை ஏற்றிவரும் வேன் அவருடையதுதான்.

"மேளமா? கமிட்டிக்குங்களா?" என்றார் பாய்.

"கமிட்டிக்கில்லீங்க பாய். மிஷினுக்கு. ராசாத்தா அக்காவுக்குப் பொறந்த ஊட்டுச் சீர்."

மறுமுனையில் பாய் சிரிக்கத் தொடங்கினார். அடங்க வெகுநேரமாயிற்று. "நானும் எத்தனையோ கவுண்டமாரு ஊட்டுக் கல்யாணம் பாத்துபோட்டேனுங்க. சீரு உள்ள போறதப் பாத்திருக்கறேன், வெளிய வந்து பாத்ததில்லீங்க. விடுங்க மேடம், மேளத்துக்கு வாடகை வேண்டாம். இது என்ற மொய்."

கமிட்டி வந்த நாள் நல்ல முகூர்த்த நாள். மூன்று பேர் வந்தார்கள். தலைவர் பேராசிரியர் சக்சேனா, ஒல்லியானவர், நரைத்த மீசை. அவர் பரவாயில்லை. அமைச்சகத்திலிருந்து வந்திருந்த துணைச் செயலாளர்தான் பொல்லாதவர். நாலு மாநிலத்தில் ஏமாந்து பழுத்தவர். ஒவ்வொரு மேஜையின்மீதும் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். வெகுநாளாக அங்கேயே இருக்கிற மிஷினைத் தூக்கினால் அடியில் தூசி இல்லாத சதுரம் இருக்க வேண்டும் என்பது அவர் கண்டுபிடித்த பரிசோதனை. மூன்றாமவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்ததோடு சரி.

வேதியியல் கூடத்து மேஜை காலியாக இருந்தது. விடிகாலையில் வரவேண்டிய வேன் வரவில்லை. தம்பிதுரை கமிட்டியைச் சாப்பாட்டு அறைக்குள் தள்ளினார். இட்லி, சந்தகை, தேங்காய்ப்பால், பணியாரம். போதும் என்று கையை நீட்டி மறைத்தவர்கள் இலையில் இன்னும் இரண்டு விழுந்தது. கொங்கு நாட்டில் விருந்தாளி போதும் என்று சொன்னால் அதற்குப் பொருள் இன்னும் கொஞ்சம் என்பதுதான். துணைச் செயலாளர் பெல்ட்டை ஒரு துளை தளர்த்தினார். இளநீர் வந்தது. அதையும் குடித்துவிட்டு அவர் எழுந்து, "சாப்பாடு பிரமாதம். அந்தக் காலி மேஜைக்கு என்ன வரப்போகிறது?" என்றார் ஆங்கிலத்தில்.

தம்பிதுரையின் நெற்றியில் வேர்வை வழிந்தது. அப்போதுதான் தவிலும் நாதசுரமும் கேட்டன.

வளைவுக்கு வெளியே சிக்கந்தர் பாயின் வேன் நின்றது. முன்னால் மேளக்காரர்கள். பின்னால் பட்டுச்சேலைப் பெண்கள் வரிசையாக, கையில் பழத்தட்டு, தேங்காய்த்தட்டு, மஞ்சள் குங்குமம். நடுவில் பாயின் ஆட்கள் நாலு பேர் ஒரு மரப்பலகையைத் தோளில் தாங்கி வந்தார்கள். பலகைமேல் சிவப்புப் பட்டு, பட்டின்மேல் மாலை போட்ட கலர் மிஷின். மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வேறு. அதற்குப் பின்னால் தலையில் உருமால் கட்டிக்கொண்டு வேலுமணி. வழியில் யாரோ கட்டிவிட்டிருந்தார்கள். கமிட்டிக்காக மாப்பிள்ளை தம்பிதுரை செய்திருக்கிற தடபுடல் என்று நினைத்து அவர் நெஞ்சை நிமிர்த்தி, போவோர் வருவோருக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டு வந்தார்.

படிக்கட்டில் ஆரத்தித் தட்டோடு தங்கச்சி நிற்பதைப் பார்த்ததும்தான் அவர் கால் நின்றது.

"வாங்கண்ணா" என்றாள் ராசாத்தாள், நாலு தெரு கேட்கிற குரலில். "பொறந்த ஊட்டுச் சீர் இப்பவாவது வந்துச்சே. ஐயாவும் ஆத்தாவும் இருந்து பாத்திருக்கோணும்."

சக்சேனா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இது என்ன விழா என்று கேட்டார். பதில் சொல்ல வேண்டிய தம்பிதுரையை முந்திக்கொண்டு மோகனப்பிரியா முன்னால் வந்தாள்.

"சார், இது எங்கள் வழக்கம். பெண் வாழ்க்கைப்பட்ட வீட்டில் நல்ல காரியம் நடந்தால் அவளுடைய அண்ணன் மேளதாளத்தோடு சீர் கொண்டு வருவார். தாளாளரின் மனைவிக்கு அவர் அண்ணன் இந்த ஆய்வுக்கூடத்தைக் கொண்டு வந்திருக்கிறார்."

பேராசிரியரின் முகம் இளகியது. "எங்கள் பக்கமும் உண்டு. பாத் என்போம். என் மாமா என் அக்கா கல்யாணத்துக்கு மாட்டை விற்றுச் சீர் கொண்டு வந்தார். அம்மா கடைசிவரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்." அவர் படி இறங்கிப் போய் வேலுமணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

துணைச் செயலாளர் அப்படி இளகுகிறவர் இல்லை. மிஷினை ஒருமுறை சுற்றி வந்தார். "உடைமைப் பத்திரம் எங்கே? நாளைக்கு இது எங்கே இருக்கும்?"

"அதைக் கொண்டு வந்தவரிடமே கேட்டுவிடுங்கள் சார்" என்றாள் மோகனப்பிரியா. வேலுமணி வாயிலிருந்து ஒரு வார்த்தை பிசகினால் அவளுடைய ஆராய்ச்சியும் போயிற்று, வேலையும் போயிற்று.

துணைச் செயலாளர் வேலுமணியின் பக்கம் திரும்பினார். "ரிட்டர்ன்?" என்றார், எல்லோருக்கும் புரிகிற ஒரே சொல்லில்.

தவில் நின்றது. தட்டேந்திய பெண்கள் நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் வேலுமணிக்குச் சம்பந்தி வகையறா. தம்பிதுரை வளைவின் உச்சியை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலுமணி மிஷினைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார். அவள் கையில் ஆரத்தி ஆடாமல் இருந்தது.

"சொல்லுங்கண்ணா. டெல்லிக்காரரு கேக்கறாரல்லொ."

வேலுமணி தலை உருமாலைச் சரிசெய்துகொண்டார். "நோ ரிட்டர்ன் சார்" என்றார். "தங்கச்சிக்குக் குடுத்ததுங்க."

மேளம் கெட்டியாக முழங்கியது. சிக்கந்தர் பாய் வேன் கதவுக்குப் பின்னால் போய் முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

மிஷின் மேஜைக்கு வந்தது. ஓட்டிக் காட்டுங்கள் என்றார் துணைச் செயலாளர், விடாக்கண்டனாக. அளக்கச் சாயத் தண்ணீர் எதுவும் தயாராக இல்லை. மோகனப்பிரியா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ராசாத்தாளின் தட்டிலிருந்து ஆரத்தித் தண்ணீரைக் கொஞ்சம் கண்ணாடிக் குப்பியில் எடுத்தாள். ராசாத்தாள் ஒரு நொடி தயங்கினாள். பிறகு, "மிச்சத்தை முச்சந்தியில ஊத்திக்கலாம், எடுத்துக்க கண்ணு" என்றாள். மிஷின் மெல்ல முனகி, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்தச் சிவப்பைக் கோடாக வரைந்து காட்டியது. சக்சேனா குழந்தைபோல் குனிந்து பார்த்தார்.

துணைச் செயலாளர் குறிப்பு எழுதினார். ஆய்வுக்கூடம் உள்ளது, கருவி கல்லூரியின் நிரந்தர உடைமை, அமைச்சகம் ஆண்டுதோறும் நேரில் வந்து சரிபார்க்கும். கடைசி வரியைப் படித்துக் காட்டியபோது தம்பிதுரை சுவரில் சாய்ந்துகொண்டார். வெள்ளை அவர் சட்டையில் ஒட்டியது.

சாயந்திரம் அவர் மோகனப்பிரியாவைக் கூப்பிட்டார். "இது நீங்க பண்ணுன வேலைதானுங்களே அம்மணி?"

"நானுங்களா? ஊட்டுக்கு வந்த சீரை வேண்டாங்க முடியுமுங்களா சார்?"

அவர் உள்ளே திரும்பி மனைவியின் முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கூரையில்லாமல் கூட இருந்துவிடலாம், ராசாத்தாளோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்க முடியாது என்பது அவருக்கு அனுபவ பாடம்.

மறுநாள் வேலுமணி டெம்போவோடு வந்தார். எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்திருக்க வேண்டும். ராசாத்தாள் அவரை உட்கார வைத்து அரிசிம்பருப்பு சாதத்தில் குழி பறித்து நெய் ஊற்றினாள். சாப்பிடும்போதெல்லாம் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்டவர் டெம்போவை வெறுமனே திருப்பி அனுப்பினார்.

ஆனால் மிஷின் இல்லாமல் பட்டறை ஓடாது. வெளிநாட்டுக்காரன் துண்டுத் துணியை அனுப்பி இதே நிறம் வேண்டும் என்பான். அதனால் வேலுமணி துணித்துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கே வரத் தொடங்கினார். மாணவர்களுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து தன்னுடைய மிஷினுக்குத் தானே காத்திருந்தார். தொழிலதிபர்கள் நேரில் வந்து ஆய்வாளர்களோடு பழகுவதை அமைச்சகம் வெகுவாகப் பாராட்டி எழுதியது. மற்ற கல்லூரிகளும் இதைப் பின்பற்ற வேண்டுமாம்.

ஒருநாள் அவர் அலமாரியிலிருந்த பாட்டில்களைக் காட்டி, "இதெல்லாம் என்ன தண்ணீங்க?" என்றார்.

"ஆத்தோரத்துல அள்ளுனதுங்க. பட்டறைக்குள்ள யாரும் உடறதில்லீங்களே."

வேலுமணி சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்க பக்கத்துப் பட்டறை வேங்கடசாமி தண்ணியப் பாத்திருக்கறீங்களா? ரத்தமாட்டப் போகும். நான் கொண்டாந்து தாரேன்."

சொன்னபடி கொண்டுவந்தார். அடுத்த வாரம் அதற்கடுத்த பட்டறை. அதற்கடுத்து எதிர்ப் பட்டறை. எந்த நாய்க்கும் அவர் பங்காளிதானே, குரைக்கவில்லை. ஒவ்வொரு பாட்டிலையும் அவள் அளந்து சொன்னதும், "நான் சொல்லல?" என்று தொடையைத் தட்டிக்கொண்டார். ஊரான் பாவத்தை அளந்து பார்ப்பதில் அவருக்கு ஒரு நிம்மதி. மோகனப்பிரியா அவரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டால் பாட்டில் வருவது நின்றுவிடும் என்று பயந்தாள். அவளுடைய ஆராய்ச்சி முதல்முறையாக ஓடத் தொடங்கியிருந்தது, ஜூன் வந்து போயிற்று, பதிவு நிலைத்துவிட்டது. அவளுக்கு அது போதும் என்றிருந்தது.

மழை விட்ட ஒரு மத்தியானம் அவர் ஒரே ஒரு பாட்டிலோடு வந்தார். துணித்துண்டு எதுவும் கொண்டுவரவில்லை. ஸ்டூலில் உட்காரவும் இல்லை. பாட்டிலில் கருநீலத் தண்ணீர். அவள் இரண்டு முறை அளந்தாள். நம்பிக்கை வராமல் தண்ணீரைப் பத்துப் பங்காக நீர்க்கச் செய்து இன்னொரு முறை அளந்தாள்.

"இதுவரைக்கும் வந்ததுல இதுதானுங்க ரொம்ப மோசம்" என்றாள். "இது யாருதுங்க?"

வேலுமணி தொடையைத் தட்டவில்லை. சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்களுதுதானுங்க அம்மணி" என்றார். "எங்க ஐயா வெட்டுன கெணறு பட்டறைக்குப் பொறத்தால இருக்குது. நேத்து எறைச்சா இந்தக் கலர்லதான் வருது. தெரிஞ்சவங்கன்னு வேற யாருகிட்டப் போயிக் கேக்கறது? இதுக்கு என்ன பண்றதுன்னு பாத்துச் சொல்லுங்க."

மோகனப்பிரியா பாட்டிலில் அவருடைய பெயரை எழுதி ஒட்டினாள். நாளைக் காலையில் கிணற்றைப் பார்க்க வருகிறேன், வாட்ச்மேனிடம் சொல்லி வையுங்கள் என்றாள்.